நஞ்சுக்கொடி யாருடையது

நான் வேலை பார்ப்பது நஞ்சுக்கொடிகளோடு. இதை எழுத வருகிற துணிச்சல், வாயால் சொல்ல எனக்கு வந்ததில்லை. கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரத்தப் பரிசோதனை மாதிரிங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். குழந்தை பிறந்ததும் பின்னாலேயே வந்து விழுகிற அந்தச் சிவந்த சதைத் தட்டை ஐஸ் பெட்டியில் வாங்கிவந்து, தோலைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறேன் என்று சொன்னால், அப்புறம் எந்த வீட்டில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள்?

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்ததே நான்தான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை, கறை, விட்ட தையல் பார்த்து ஒதுக்குகிற வேலை. அப்பா அதே கம்பெனியில் அயர்ன். அவர்கள் பெண் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இன்சுலினைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறாள். அந்தச் சாயத்தில் ஏற்பி இருக்குமிடம் பழுப்பாகத் தெரியும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கத்து ஓரத்தில் அதிகம் இருக்கும். மாதம் ஏற ஏற, குழந்தைப் பக்கத்து ரத்தக் குழாய்களில் போய்ச் சேர்ந்துகொள்ளும். முதலில் தாயின் ரத்தம் சொல்வதைக் கேட்கும், பிறகு குழந்தையின் ரத்தம் சொல்வதைக் கேட்கும். இதைப் படித்த அன்று வீடு வந்து சேரும்வரை பேருந்தில் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

கல்யாணமாகி மங்கலத்துக்குப் போன பிறகு, என் வீட்டுக்காரருக்கு மட்டும் முழுதாகச் சொன்னேன். அவர் நிட்டிங் மாஸ்டர். அதனால் அவருடைய துணி பின்னுகிற மெஷினை வைத்தே சொன்னேன். ஊசியின் கொக்கி நூலைப் பிடிக்கிறது அல்லவா, அந்தக் கொக்கிதான் ஏற்பி. நூல்தான் இன்சுலின். பிடித்தால் மட்டும் போதாது, கொக்கியின் சின்ன நாக்கு மூட வேண்டும். மூடினால்தான் கண்ணி விழும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களை அனுப்பித் தாயின் உடம்பில் அந்த நாக்கைச் சரியாக மூடவிடாமல் செய்கிறது. அப்போதுதான் தாயின் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும், குழந்தைக்குப் போகும். தாயின் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து இதைச் சமாளித்துக்கொள்ளும். சிலருக்குச் சமாளிக்க முடியாது. அதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை.

"அப்ப மெஷினை நிறுத்தி ஆயில் விட வேண்டியதுதானே புள்ள?"

"நிறுத்த முடியாத மெஷினுங்க. பத்து மாசம் ஓடித்தான் தீரணும்."

"யாருக்குச் சமாளிக்க முடியாது?"

"ஊட்டுல அம்மாவுக்கு, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தா அந்தப் புள்ளைகளுக்கு வர்றது அதிகமுங்க."

இதைச் சொன்னவள் நான்தான். தெரியாமல் இல்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்களிடம் நஞ்சுக்கொடியை வாங்க அனுமதி கேட்கும்போது, கூடவே ஒரு கேள்வி கேட்போம். "உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருக்குதுங்களா?" சர்க்கரை உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் என்று தகடுகளைப் பிரித்து வைக்க அது வேண்டும். பெரும்பாலான பெண்கள் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மாமியாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு "இல்லீங்க" என்பார்கள், அல்லது "தெரியலீங்க". நானும் என்னோடு வரும் ஜூனியர் பெண்ணும் படியிறங்கும்போது சிரிப்போம். "பெத்த அம்மாவுக்கு என்ன நோயின்னுகூடத் தெரியல, புள்ளை பெத்துக்க வந்துட்டாங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல. அவர்கள் பார்த்த பார்வையை எழுத்தறிவில்லாத முழிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நாள் தள்ளிப்போய் ஆறு மாதம் முடிந்த பிறகு, குளுகோஸ் தண்ணீர் குடிக்க வைத்து எடுக்கிற ரத்தப் பரிசோதனைக்கு மாமியாரும் கூட வந்தார். சர்க்கரை இருக்கிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள், வீட்டிலேயே மெஷின் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோ பாதி வழி வந்திருந்தது. மாமியார் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்கம்மா ஊட்டுல யாருக்காச்சும் இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க அத்தை. எங்கூட்டுல ஒருத்தருக்கும் இல்லீங்க."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா கொஞ்ச காலமாக டீ குடிப்பதை விட்டிருந்தாள். கேட்டபோது, "கம்பெனி டீ வயித்துக்கு ஒத்துக்கறதில்லை" என்றாள். மெலிந்திருந்தாள். கல்யாண அலைச்சல் என்று நினைத்தேன். ஊரார் அம்மாக்களைப் பற்றியெல்லாம் கேட்டவள், என் அம்மாவிடம் கேட்டதே இல்லை.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் மனதில் இருப்பதை யாரிடமாவது சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. எனக்குச் சர்க்கரை என்று மாமனாரின் தங்கையிடம் சொல்லிவிட்டார். சோமனூரில் இருக்கும் அந்த அம்மாவின் வாய்க்கு எல்லோருமே பயப்படுவார்கள்.

கட்டுச்சோறு வந்தது. எங்கள் பக்கம் வளைகாப்பைவிட அதுதான் பெரிது. பெண் வீட்டார் வகைவகையாய்ச் சோறு கிளறிப் போசிப் பாத்திரங்களில் கொண்டுவந்து, மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாவற்றையும் அம்மா விடியுமுன்னே எழுந்து செய்திருந்தாள். கம்பெனித் தோழிகளும் போசி தூக்கி வந்திருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வாயில் ஒரு கவளம் ஊட்ட வேண்டும். பொங்கல் வந்தபோது நான் கையால் தடுத்தேன்.

"இனிப்பு மட்டும் வேண்டாமுங்க. டாக்டர் சொல்லியிருக்காங்க."

மாமனாரின் தங்கை இதற்காகவே காத்திருந்ததுபோல எல்லோருக்கும் கேட்கப் பேசினார். "படிச்ச புள்ளை, படிச்ச புள்ளைனு கட்டியாந்தீங்க. சீரோட சேத்துச் சக்கரையையும் குடுத்தனுப்பிச்சுட்டாங்க பாருங்க."

சிலர் சிரித்தார்கள். ஒரு பெண், "அட, அதுக்குத்தான் பொங்கல்ல இனிப்புக் கம்மியா?" என்றாள். அம்மா பொங்கல் போசியோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மாமியார், "சும்மா இருங்க நங்கையா" என்று நாத்தனாரை அடக்கப் பார்த்தார். அந்தச் சோமனூர் அம்மா விடவில்லை. "கண்ணாலத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணுமில்ல? நோவை மறைச்சுப் பொண்ணுக் குடுக்கறது ஒரு மொறையாங்க சம்மந்தி?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

எனக்கு அப்போது நாக்கு எப்படித்தான் புரண்டதோ. அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். காப்பாற்றுவதைவிட ஜெயிக்கத்தான் பேசினேன்.

"இது எங்கம்மா ஊட்டு நோவில்லீங்க. கர்ப்பத்துல சக்கரை ஏறுறது நஞ்சுக்கொடியாலங்க. அதுல இருந்து வர்ற ஹார்மோன்தான் இன்சுலினை வேலை செய்ய விடாமப் பண்ணுது. நான் தினமும் கையில எடுத்து வெட்டிப் பாக்கறேன், எனக்குத் தெரியும். அந்த நஞ்சுக்கொடி என்னோடது இல்லீங்க, குழந்தையோடது. பாதி உங்க ஊட்டுப் பையன்கிட்ட இருந்து வந்தது. குத்தம் சொல்றதா இருந்தா உங்க பக்கந்தான் சொல்லணும்."

சோற்றுப் பந்திக்கு முன்னால் நஞ்சுக்கொடியை வெட்டுகிறேன் என்று சொன்னதும் இரண்டு பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். யாரோ "சிவசிவா" என்றார்கள். நான் நிறுத்தவில்லை.

"எங்கம்மாவுக்கு இருக்குதா? எங்கப்பாவுக்கு இருக்குதா? கேட்டுப் பாருங்க. எங்கூட்டுல ஒருத்தருக்கும் கெடையாது."

சொன்னது எல்லாமே ஒருவகையில் சரிதான். நஞ்சுக்கொடி பெரும்பாலும் கருவிலிருந்து உண்டாவதுதான். அதன் ஹார்மோன்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்தச் சுமையைச் சமாளிக்கிற கணையம் என்னுடையது, அது என் அம்மா அப்பாவிடமிருந்து வந்தது. அந்தப் பாதியை விழுங்கிவிட்டேன். எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் விழுங்கினேன்.

மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. அந்தச் சோமனூர் அம்மாவோ கொஞ்சம்கூட அசையவில்லை. "அப்படீங்களா! அப்பச் சம்மந்தியம்மா முதல்ல ஒரு வாய் வாங்கிக்கட்டும். சம்மந்திகளுக்குள்ள இனிப்பு ஊட்டிக்கற மொறை இருக்குதுல்ல?" என்றார்.

முறை இருப்பது உண்மைதான். ஊட்டும் கவளத்தை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பதாகும். மாமியார் பொங்கலை உருட்டி அம்மாவின் வாயில் வைத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். மாமனாரின் தங்கை ஒரு கவளம் ஊட்டினார், பெரிய கவளம். பிறகு கேலி விளையாட்டாகிப் போனது. "எங்க கையில ஒன்னு, என்ற கையில ஒன்னு" என்று ஆளாளுக்கு நெருக்கினார்கள். அம்மா சிரித்தபடி ஒவ்வொன்றையும் வாங்கி விழுங்கினாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டேன். சாப்பிடு, காட்டு இவர்களுக்கு என்பதுபோல. அப்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

என்னை அழைத்துக்கொண்டு வேன் புறப்பட்டது. எங்கள் வீடு தாராபுரம் சாலையில். வழியில் அம்மா இரண்டு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, வேனை நிறுத்தச் சொல்லி ஒதுங்கப் போனாள். மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். தோழி ஒருத்தி, "ஏனக்கா, விசேஷ ஊட்டுல பானையவே கவுத்துட்டயா?" என்று கிண்டல் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பாயை விரித்துப் படுத்தவள்தான். மறுநாள் காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள்.

நான் என் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அல்லது தெரிந்துதான் எடுத்தேன்.

"கையக் குடும்மா."

"எனக்கெதுக்குக் கண்ணு? உனக்குப் பாரு."

"குடும்மா."

நூல் பிசிறு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல். ஊசி சட்டென்று இறங்கவில்லை. மெஷின் காட்டிய எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா அதைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"உன்ற கண்ணாலத்துக்கு முன்னாடியே இருக்குது சாமி."

"மாத்திரை?"

"கம்பெனியில என்ற கூட்டாளி பையில வெச்சிருக்கறேன். ஊட்டுல வெச்சா யார் கண்ணுலயாச்சும் படுமில்ல. கட்டுச்சோத்து வேலையில ரெண்டு மூனு நாளா எடுத்துக்கல."

"எனக்குக்கூடச் சொல்லலயேம்மா."

"பொண்ணு பாக்க வந்துட்டுருந்தாங்க. சக்கரை இருக்கற ஊட்டுல பொண்ணெடுக்க யோசிப்பாங்கனு சொன்னாங்க. உனக்குச் சொன்னா நீ நேரா அவங்ககிட்டயே சொல்லீருவ. பொய் சொல்லத் தெரியாத புள்ளை நீயி."

அன்றே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "மங்கலத்துக்காரங்க வராத ஆஸ்பத்திரியாப் பாரு கண்ணு" என்று அம்மா கெஞ்சியதால், அவிநாசிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிறைமாத வயிற்றோடு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நர்ஸ் அம்மாவிடம் உரக்கக் கேட்பது கேட்டது. "பொங்கலா? யாரும்மா உங்களை அவ்வளவு திங்கச் சொன்னது?" அம்மா சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

அன்று மாலை ஜூனியர் பெண்ணுக்குப் போன் செய்தேன். இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேள், இதுவரை "இல்லை" என்று எழுதியவற்றையும் நம்ப முடியாது என்றேன். "ஏங்க்கா திடீர்னு?" என்று கேட்டாள். ஒரு பேஷண்ட் சொன்னார் என்றேன். அம்மா சொன்னது தவறு. எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரர் போனில் சிரித்தார். "எங்கம்மா என்னையக் கூட்டீட்டுப் போயிக் கையில குத்திச் சக்கரை பாக்க வெச்சுருச்சு புள்ள. எனக்கு ஒன்னுமில்லைனு வந்துருச்சு, அப்படியும் நம்ப மாட்டேங்குது. ஊட்டுல டீக்குச் சக்கரை போடறதில்லை. பேக்கரிப் பக்கம் போனாத் திட்டு. நீ என்ன மந்திரம் போட்டயோ தெரியல." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியார் என்னைப் பார்க்க அடிக்கடி வந்தார். கம்பஞ்சோறும் கீரையும் கொண்டுவருவார். முன்புபோல அதிகாரமாகப் பேசுவதில்லை. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டபடி சொன்னார். "நானும் ரோசிச்சுப் பாத்தேன் கண்ணு. எங்க பெரியப்பாருக்குக் கால்ல புண்ணு வந்து ஆறாமயே போய்ச் சேந்தாரு. அது சக்கரையாத்தான் இருக்கும். எங்க பக்கத்து வினை உன்னைய வந்து புடிச்சுக்குச்சு."

"அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை."

"நீதானே சொன்னே? படிச்ச புள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். மெதுவாகத் தலையை அசைத்தாள். சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த அம்மா, இல்லாத குற்றத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். இரண்டையும் உண்டாக்கியது என் பேச்சு. மாமியார் கொண்டுவந்த கம்பஞ்சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தேன்.

பிரசவம் எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே நல்லபடியாக நடந்தது. பெண் குழந்தை. ஐஸ் பெட்டியோடு ஜூனியர் வந்தாள். நான் சொன்னபடியே, "ஒரு நிமிஷம் வெளிய இருங்கம்மா" என்று இரண்டு அம்மாக்களையும் அனுப்பினாள். பிறகு கூச்சத்தோடு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அம்மாவுக்கோ அப்பாவுக்கோ…"

"அம்மாவுக்கு இருக்குது" என்றேன். ஆளில்லாத அறையில் அதைச் சொல்வதற்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. என் நஞ்சுக்கொடியை ஒரு கணம் பார்த்தேன். எத்தனையோ பார்த்திருந்தும் வேறு மாதிரி இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். அப்படியேதான் இருந்தது. அவள் பெட்டியை மூடி எடுத்துப் போனாள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால், பிறந்த குழந்தைக்கும் குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். பிறந்தவுடன் அது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. நர்ஸ் வந்தபோது அம்மாக்கள் இருவரும் திரும்பி வந்திருந்தார்கள். குழந்தை என் அம்மாவின் மடியில் இருந்தது. நர்ஸ் அந்தச் சின்னக் காலைப் பிடித்து அழுத்திக் குத்தினாள். குழந்தை வீறிட்டது. மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்களாலதானே சாமி இந்தப் பிஞ்சுக் கால்ல குத்தறாங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இந்தமுறை அம்மா முந்திக்கொண்டாள்.

"உங்களால இல்லீங்க சம்மந்தி. எனக்குத்தானுங்க சக்கரை இருக்குது. கண்ணாலத்துக்கு முன்னாடி இருந்தே இருக்குதுங்க."

நர்ஸ் எண்ணைப் பார்த்து, "பாப்பாவுக்கு நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மாமியார் சுவரிலிருந்து திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இருக்கத்தான் செய்தது, ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்ப அன்னைக்கு எங்க கையில அத்தனை வாய் வாங்கித் தின்னீங்களே சம்மந்தி. நானில்ல ஊட்டுனேன்! வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

அம்மா குழந்தையின் காலில் ஒட்டியிருந்த பஞ்சை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். நிமிரவில்லை.

"எப்படிங்க சொல்றது? அத்தனை பேருக்கு முன்னால என்ற புள்ளை இல்லைனு சொல்லீருச்சுங்களே."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் மகளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அது பரவாமல் நின்றுவிட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.